விளக்கின் பின்னால் நிற்பவர்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை நம்மவர் பெரும்பாலும் மாதவியின் ஆடலுக்காகவே படிக்கிறோம். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் என்னும் அறுவரின் இலக்கணத்தையும் இளங்கோவடிகள் அடுக்கிச் சொல்கிறார். அதன் பின்னர் அரங்கின் அமைதி வருகிறது. 24 விரல் கொண்ட கோலால் அளந்து 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமும் உடையதாக மேடை எழுப்பவேண்டும். மேலே இட்ட பலகைக்கும் மேடைக்கும் இடைவெளி 4 கோல். புகவும் வெளியேறவும் இரண்டு வாயில்கள். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள். விளக்கைப் பற்றியும் ஒரு விதி உண்டு. தூண்களின் நிழல் ஆடும் இடத்தில் விழாமல் புறத்தே விழும்படி விளக்கை நிறுத்தவேண்டும் என்பது அது.

மேடை ஒளியமைப்பைத் தொழிலாகக் கொண்டவர் எவரும் இன்றும் அரங்கினுள் நுழைந்தவுடன் நிழல் எங்கே விழுகிறது என்றுதான் பார்க்கிறார். அத்தனை பழமையான கவலை அது. ஆயினும் அறுவருக்கு இலக்கணம் வகுத்த அக்காதை, கோல் பிடித்து அளந்தவனுக்கும் இடம் பார்த்து விளக்கு நிறுத்தியவனுக்கும் தனி இலக்கணம் கூறவில்லை. வேலை கூறப்பட்டது, வேலையாள் கூறப்படவில்லை.

இந்த எண்ணம் எனக்கு எழுந்ததற்கு என் அண்ணன் மகளே காரணம். அவள் பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, “கல்லூரி முடித்தபின் மேடை ஒளியமைப்புப் படிக்கப் போகிறேன், சித்தப்பா” என்றாள். வீட்டில் பெரும் அமைதி நிலவியது. பிறகு அப்பத்தாதான் முதலில் பேசினார்: “நாடகக் கொட்டகையிலே லைட்டுப் பிடிக்கவா கப்பலேறிப் போகணும்?”

அப்பத்தாவின் கேள்வியை நகைத்து ஒதுக்க என்னால் இயலவில்லை. எங்கள் குடும்பம் சிப்பிகாட்டில் வாழ்கிறது. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயரிலிருந்து ஏறத்தாழ 14 கி.மீ. தொலைவில் உள்ள ஊர் இது. கிராம்பும் சாதிக்காயும் மிளகும் வளரும் அரசுப் பண்ணையால் வெளியூரார் இதனை அறிவர். இவ்வூரில் வாழ்வோர் வேறொன்றாலும் அறிவர். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நிலம் நடுங்கியபோது தெற்கு அந்தமானின் இப்பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. கடல் வந்தது, வந்தது முழுவதும் திரும்பிச் செல்லவில்லை. நெல் விளைந்த தாழ்வான வயல்கள் பல நிலையாகவே உவர்நீர்ப் பரப்பாயின. எங்கள் வயலும் அவற்றுள் ஒன்று. அதற்குப்பின் என் அண்ணன் படகுத்துறைக் கட்டுமானங்களில் மேஸ்திரியாக உழைத்துத் தேடிய பணமே எங்கள் விதைநெல். அதனை எந்தக் கல்வியில் விதைப்பது என்பது வீட்டின் வாழ்வா தாழ்வா என்ற கேள்வி. அத்தகைய கேள்வியை எழுப்பும் உரிமை அப்பத்தாவுக்கு உண்டு.

ஆகவே அவள் கேட்ட கல்வி யாது, அதற்கு எங்கே இடம் உண்டு, அதனால் சோறு கிடைக்குமா என்று ஓராண்டாகத் தேடினேன். தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இது புதிய பாடம். தேடியதைத் தீவில் வாழும் மற்றத் தமிழ்க் குடும்பங்களுக்கும் சொல்வது கடமை எனக் கருதுகிறேன்.

முதலில் அந்தத் தொழிலின் பரப்பை அறிய வேண்டும். நாடகத்தில் நடிகரும் ஆசிரியரும் இயக்குநரும் நமக்குத் தெரிவர். அவர்களுக்குப் பின்னால் ஒளியமைப்பு, ஒலியமைப்பு, காட்சியமைப்பு, உடையும் ஒப்பனையும், மேடை மேலாண்மை எனக் குறைந்தது ஐந்து துறைகள் இயங்குகின்றன. இவற்றுள் மேடை மேலாளர் பணியை நம்மவர் அறவே அறியார். ஒத்திகையின் முதல் நாளிலிருந்து, எந்தச் சொல்லில் விளக்கு மங்க வேண்டும், எந்த அடியில் திரை இறங்க வேண்டும் என்பதையெல்லாம் ஒரு படியில் குறித்து வைத்து, நாடகம் நிகழும் இரவில் அந்தந்தக் கணத்தில் ஆணையிடுபவர் அவரே. கப்பலில் மாலுமித் தலைவன் போன்ற பொறுப்பு அது.

தமிழ் மேடைக்கு இக்கலை புதிதன்று. சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) காலத்து நாடகக் குழுக்கள் தீட்டிய படுதாக்களைச் சுருட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றன. நவாப் இராஜமாணிக்கத்தின் நாடகங்களைக் கண்ட முதியோர் வசனத்தை மறந்தாலும் காட்சியமைப்பை மறக்கவில்லை. ஆர். எஸ். மனோகரின் ‘இலங்கேஸ்வரன்’, ‘சூரபத்மன்’ முதலிய நாடகங்களுக்கு மக்கள் திரண்டதற்கு அவருடைய நடிப்போடு தந்திரக் காட்சிகளும் காரணம். அக்காட்சிகளை ஆக்கிய தச்சர், ஓவியர், மின்பணியாளர் ஆகியோரின் பெயர்களைக் கேட்டால் நம்மில் எத்தனை பேர் கூற வல்லோம்?

வங்காளத்தார் இவ்வகையில் நம்மினும் கொடுத்துவைத்தவர்கள். தாபஸ் சென் (1924–2006) என்னும் ஒளியமைப்பாளரின் பெயர் அங்கு நடிகர் பெயருக்கு இணையாக விளங்கிற்று. 1959-இல் கல்கத்தா மினர்வா அரங்கில் உத்பல் தத் நடத்திய ‘அங்கார்’ நாடகத்தின் முடிவில் நிலக்கரிச் சுரங்கத்துள் வெள்ளம் புகுகிறது, தொழிலாளர் மூழ்குகின்றனர். மேடையில் வெள்ளம் இல்லை. ஒளியாலும் ஒலியாலுமே நீர் ஏறுவதாகக் காண்போர் உணர்ந்தனர். நீர் ஏறுவது எப்படி இருக்கும் என்பதைச் சிப்பிகாட்டாருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இச்செய்தியை நான் சொன்னபோது என் அண்ணன் முதன்முறையாக மகளின் எண்ணத்தைச் செவிகொடுத்துக் கேட்டார். “விளக்கை வைத்தே அதைக் காட்ட முடியுமா?” என்று வினவினார். வயலில் கடல் புகுந்ததைக் கண்ணால் கண்டவர் அவர்.

அடுத்தது கல்விக்கூடம். தில்லியில் உள்ள தேசிய நாடகப் பள்ளி 1959-இல் தோன்றியது. 1962 முதல் 1977 வரை இப்ராகிம் அல்காஜி அதன் இயக்குநராக விளங்கினார். அங்கு மூன்றாண்டுப் பயிற்சி. நடிப்பு ஒரு கிளையாகவும் அரங்க வடிவமைப்பும் இயக்கமும் மற்றொரு கிளையாகவும் கற்பிக்கப்படுகின்றன. சேர விரும்புவோர் ஏதேனும் ஒரு பட்டம் பெற்றிருக்க வேண்டும். நாடகங்களில் பங்கேற்ற அனுபவம் வேண்டும். இந்தியும் ஆங்கிலமும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். தேர்வு கடினமானது, இடங்கள் மிகச் சில. ஆனால் பயில்வோர்க்கு உதவித்தொகை உண்டு என்பதை ஏழைப் பெற்றோர் அறிந்துகொள்வது நலம். தமிழ்நாட்டு மாணவர் பலரைத் தடுத்து நிறுத்தும் இந்தி நம் தீவுப் பிள்ளைகளுக்குத் தடையன்று. கடைத்தெருவிலும் பேருந்திலும் அவர்கள் பேசி வளர்ந்த மொழியே அது.

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரால் நிகழ்கலைப் பள்ளி ஒன்று உள்ளது. சுவாமிகள் 1922-இல் மறைந்ததும் புதுச்சேரியிலேதான். நாடகாசிரியர் இந்திரா பார்த்தசாரதி அப்பள்ளியின் தொடக்க காலத்தில் தலைமை ஏற்றிருந்தார். அங்கு பட்டம் பெற்றபின் நாடகக் கலையில் முதுநிலைப் படிப்பு உண்டு. நமக்கு அதில் ஒரு தனி உறவும் இருக்கிறது: 1985-இல் அப்பல்கலைக்கழகம் அமைந்தபோதே அந்தமான் நிக்கோபார் தீவுகளும் அதன் எல்லைக்குள் சேர்க்கப்பட்டன. தமிழ் வழங்கும் ஊர் என்பதால் தாயாருக்கும் சற்றே மன அமைதி.

பள்ளிப் படிப்பு முடிந்தவுடனே நாடகக் கலையில் இளநிலைப் பட்டம் பயில விரும்புவோர்க்குத் திருச்சூர் நாடகப் பள்ளி உண்டு. கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அப்பள்ளியை ஜி. சங்கரப்பிள்ளை 1977-இல் உருவாக்கினார். அங்கு செல்வோர் மலையாளத்தோடு பழக வேண்டியிருக்கும்.

இவற்றையெல்லாம் தாளில் எழுதி அண்ணன் முன் வைத்தேன். நீண்ட ஆலோசனைக்குப்பின் ஒரு முடிவு பிறந்தது. முதலில் தீவிலேயே, 1967-இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயத்தில் இயற்பியல் பட்டம். அதன் பின்னர் புதுச்சேரிக்கும் தில்லிக்கும் விண்ணப்பம். இயற்பியலைத் தேர்ந்தவள் அவளே. ஒளியும் ஒலியும் மின்சாரமும் அதற்குள் அடங்கியிருக்கின்றன என்பது அவள் கணக்கு. நாடகம் கைவிட்டால் ஆசிரியப் பயிற்சிக்குச் செல்லலாம் என்பது அண்ணன் கணக்கு. இரு கணக்கும் ஒரே விடையில் வந்து நின்றதால் வீட்டில் சண்டை ஓய்ந்தது. வேறு குடும்பத்தார்க்கு வேறு வழி பொருந்தலாம். பகர்காவில் உள்ள டாக்டர் அம்பேத்கர் தொழில்நுட்ப நிறுவனத்தின் மின்பொறியியல் படிப்பும் இத்தொழிலுக்கு நல்ல அடித்தளமே.

கப்பலேறும் நாள் வரை காத்திராமல் இன்றே செய்யத்தக்க ஆயத்தங்கள் பல. அவற்றுக்குப் பெருஞ்செலவும் இல்லை.

முதலாவது, அளக்கக் கற்பது. நம் விழா நடக்கும் மேடையின் அகலம் எத்தனை அடி என்று கேட்டால் விடை சொல்வார் இல்லை. அவள் நாடா பிடித்து அளந்தாள். 25-க்கு 1 என்னும் விகிதத்தில், அதாவது ஒரு மீட்டருக்கு 4 செ.மீ. வீதம், மேடையின் படத்தைக் கட்டத்தாளில் வரைந்தாள். தூண் எங்கே, மின்செருகி எங்கே, நடிகர் நுழையும் வழி எங்கே என்பதெல்லாம் அதில் உண்டு. விண்ணப்பத்தோடு சென்று தேர்வாளர் முன் நிற்கும்போது இத்தகைய படங்களின் தொகுப்பே அவளுக்காகப் பேசும்.

இரண்டாவது, மின்சாரத்துக்கு அஞ்சவும் அதனை ஆளவும் கற்பது. 230 வோல்ட் மின்னழுத்தத்தில் 1000 வாட் விளக்கு ஒன்று 4 ஆம்பியருக்குச் சற்று மிகுதியாக இழுக்கும். ஆகவே 15 ஆம்பியர் செருகி ஒன்றில் அத்தகைய விளக்குகள் மூன்றுக்குமேல் மாட்டலாகாது. இந்தச் சிறு பெருக்கலைச் செய்யாமல் கம்பிகளைச் சுற்றுவோரால்தான் பந்தல்கள் எரிகின்றன. 1997 ஜூன் மாதத்தில் தஞ்சைப் பெரிய கோயில் வேள்விப் பந்தலில் பற்றிய தீயில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே மாதத்தில் தில்லி உப்ஹார் திரையரங்கில் மின்மாற்றியிலிருந்து கிளம்பிய தீயும் புகையும் 59 உயிர்களைக் கொண்டன. கூட்டம் கூடும் இடத்தில் தீயை முன்னுணர்ந்து காப்பதும் இத்தொழிலின் பாடங்களுள் ஒன்று. நில இணைப்பு இல்லாத கம்பியை அவள் இப்போது தொடுவதில்லை. பிறரைத் தொட விடுவதுமில்லை.

மூன்றாவது, பார்க்கக் கற்பது. அந்தமானில் கதிரவன் விரைவில் மறைகிறான். இந்திய நேரத்தையே நாம் பின்பற்றினாலும் நாட்டின் பெரும்பகுதிக்குக் கிழக்கே இருப்பதால், நவம்பர் டிசம்பரில் மாலை 5 மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது. அந்நேரத்தில் உவர்நீரில் பட்டுத் திரும்பும் ஒளி ஆளின் முகத்தைக் கீழிருந்து காட்டும். கரையில் பட்டுப்போய் நிற்கும் மரங்கள் பின்னொளியில் கோட்டுருவங்களாகும். நேர் முன்னிருந்து வரும் ஒளி முகத்தைத் தட்டையாக்குகிறது; மேலிருந்து 45 பாகைச் சாய்வில் வருவது மூக்கையும் கண்குழியையும் எடுத்துக்காட்டுகிறது; விளக்கின் தொலைவை இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒன்றாகக் குறைகிறது. பாடநூலில் உள்ள இவ்வுண்மைகளை அவள் நம் வயல் இருந்த இடத்தில் நின்று குறிப்பேட்டில் எழுதிவருகிறாள். அப்பத்தாவே அவளுக்கு மாதிரி. “என் சுருக்கத்தை எல்லாம் எண்ணிக்கிட்டு இருக்கா” என்று அவர் குறைகூறுவார். ஆயினும் எழுந்து செல்வதில்லை.

நான்காவது, கருவிகளின் மொழி. 1986-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட டி.எம்.எக்ஸ். 512 என்னும் நெறிப்படி ஒரே கம்பிவழியாக 512 தனித்தனிக் கட்டளைகளை விளக்குகளுக்கு அனுப்பலாம். இன்றைய எல்.இ.டி. விளக்குகளும் அந்நெறியிலேயே இயங்குகின்றன. கருவி விலை மிகுந்தது. ஆனால் அதன் இயக்கத்தைக் கணிப்பொறியில் பழகுவதற்கான இலவச மென்பொருள்கள் உள்ளன. கருவி கையில் வரும் நாளில் திகைக்காமல் இருக்க இது உதவும்.

ஐந்தாவதும் தலையாயதும், ஏதேனும் ஒரு மேடையில் உண்மையாக வேலை செய்வது. நம் சங்கத்துப் பொங்கல் விழா நாடகத்தில் அவள் ஒளிப்பொறுப்பை ஏற்றாள். கையிலிருந்தவை நான்கு விளக்குகளும் இரண்டு மங்கல் கருவிகளும் மட்டுமே. நாடகத்தின் நடுவே மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர் இயங்கும் வரை அவை இருளில் இருந்தது. மேடையில் இருந்த சிறுவர்கள் அழத் தொடங்குமுன், முன்னரே தயாராக வைத்திருந்த மின்கலக் கைவிளக்கு இரண்டை ஏற்றி வெள்ளைத் துணியில் பட்டுத் திரும்புமாறு பிடித்தாள். காட்சி நிற்கவில்லை. அன்றிரவு என் அண்ணன் கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்றிருந்தார். வீட்டுக்கு வரும் வழியில், “கான்கிரீட் போடும்போது நாங்களும் இப்படித்தான், மழை வருமென்று தார்ப்பாயை முன்னமே எடுத்து வைப்போம்” என்றார். மகளின் வேலையைத் தம் வேலையின் உறவாக அவர் கண்டது அப்போதுதான்.

அவர் கண்டது சரியே. இத்தீவுகளுக்கு வந்த தமிழருள் பெரும்பாலோர் உழைக்கும் கையோடு வந்தவர்கள். சாலையும் படகுத்துறையும் கட்டடமும் எழுந்தபின் திறப்புவிழாக் கல்வெட்டில் வேறு பெயர்கள் பொறிக்கப்பட்டன. நம் முன்னோர் அதற்காக வருந்தி நின்றதில்லை; அடுத்த வேலைக்குச் சென்றனர். காணப்படாமல் நின்று பிறரைக் காணச்செய்யும் தொழிலுக்குத் தீவுத் தமிழரின் மகள் செல்வதில் இழிவு என்ன இருக்கிறது?

வருவாய் பற்றியும் உண்மையைச் சொல்லவேண்டும். நாடகத்தை மட்டும் நம்பி நிலையான மாதச் சம்பளம் பெறுவோர் நம் நாட்டில் குறைவு. நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று பெறும் கூலியே பெரும்பான்மை. விழாக் காலத்தில் ஓய்வின்மையும் மற்றக் காலத்தில் வேலையின்மையும் வரும். ஆனால் கற்ற கை ஒரு வாயிலை மட்டும் தட்டுவதில்லை. திரைப்படம், தொலைக்காட்சி நிலையம், அருங்காட்சியகம், மாநாடு, திருமண மண்டபம், கோயில் விழா எனப் பல இடங்களில் ஒளியும் ஒலியும் அறிந்தவர் வேண்டப்படுகின்றனர். நம் கண்முன்னே செல்லுலார் சிறையில் அரசமரமே கதை சொல்வதாக அமைந்த ஒலி-ஒளிக் காட்சி பல்லாண்டுகள் நடந்து வந்ததை அறிவோம். நடிகர் எவரும் இல்லாமல், குரலும் விளக்கும் மட்டுமே அந்தச் சுவர்களைப் பேசவைத்தன. அதில் குரல் கொடுத்த ஓம் புரியும் தேசிய நாடகப் பள்ளியில் பயின்றவரே. அத்தகைய காட்சியை ஆக்கவும் பேணவும் தீவுப் பிள்ளைகளே தகுதி பெறும் காலம் வரவேண்டும்.

பெண்பிள்ளை, இரவு வேலை, உயரமான ஏணி, உடன் உழைப்போர் ஆடவர் என்னும் கவலைகளை அண்ணியார் எழுப்பினார். அவை வீண் கவலைகள் அல்ல. விடுதி எங்கே, ஒத்திகை முடிந்து திரும்புவது எப்படி, குறை நேர்ந்தால் முறையிடும் குழு உண்டா என்று கேட்டறிந்தே சேர்க்க வேண்டும் எனத் தீர்மானித்துள்ளோம். அச்சம் கேள்வியாக மாறினால் பயன் உண்டு. தடையாக மாறினால் இழப்பே மிஞ்சும்.

அவள் இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்கிறாள். தில்லி கிட்டுமா, புதுச்சேரி கிட்டுமா, இரண்டும் கிட்டாமற் போகுமா என்பதைக் காலம் சொல்லும். அண்ணன் அஞ்சலகத்தில் அவள் பெயரால் தனிக் கணக்கு ஒன்று தொடங்கியிருக்கிறார். மூன்று நாள் கப்பல் பயணத்துக்கும் முதற் பருவத்துக்கும் அது போதும்; மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். கட்டடம் கட்டுவோர் எப்போதும் அப்படித்தான் பேசுவர்.

சங்கத்து அன்பர்களிடம் எனக்கு இரண்டு விண்ணப்பங்கள் உள்ளன. விழா முடிந்ததும் விளக்குகளையும் கம்பிகளையும் மூலையில் குவித்துவிடாமல், அவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதிப் பேணும் பொறுப்பை ஆண்டுதோறும் இரண்டு மாணவர்க்கு அளியுங்கள். தீவில் அதைவிடச் சிறந்த பயிற்சிக்கூடம் அவர்களுக்கு இல்லை. அடுத்த பொங்கல் அழைப்பிதழில், நடிப்போர் பெயர்களுக்குக் கீழே ஒளி, ஒலி, திரை, மேடைப் பொறுப்பு என நான்கு வரிகள் சேர்த்து, அவற்றைச் செய்யும் பிள்ளைகளின் பெயர்களையும் அச்சிடுங்கள். அச்சகத்தார் அதற்கெனத் தனிக்கட்டணம் கேட்கமாட்டார்.